அட்டையில் ஆறாவது கேள்வி

போன மாதம் யமுனா வீட்டுக்கு வந்திருந்தார். ஈப்போவில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த ஹைட்ராலிக் பட்டறையில் இப்போது பொறியாளராக இருப்பவர். கையில் ஒரு தட்டைக் கணினி. தள்ள வேண்டுமா இழுக்க வேண்டுமா, பாரம் எவ்வளவு, தூரம் எவ்வளவு, எத்தனை வினாடியில், எப்படி மாட்டுவது என்று ஐந்து கட்டங்களை நிரப்பினார். நான் காப்பியை ஆற்றி முடிப்பதற்குள் எந்த சிலிண்டரை வாங்க வேண்டும் என்று திரையில் பெயரும் எண்ணும் வந்து நின்றன. எனக்கு ஆசை தாங்கவில்லை. பிடுங்காத குறையாக வாங்கி நானும் நாலைந்து தடவை தட்டிப் பார்த்தேன். நாங்கள் அரை நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு அது.

ஐந்துக்குக் கீழே ஆறாவதாக ஒரு கட்டம் இருந்தது. அதில் முன்கூட்டியே ஏதோ எழுதியிருந்தது. அதைத் தொட்டுக் காட்டி இது என்ன என்று கேட்டேன்.

"அது தானா நிரம்பிடும் அங்கிள். நாங்க யாரும் தொட மாட்டோம்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. காரணம் கேட்டார். சொன்னேன். அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் படிக்கட்டும் என்றார். எழுதச் சொல்லிவிட்டால் நமக்குக் கை நிற்குமா?

என் படிப்பை இரண்டு வரியில் முடித்துவிடலாம். பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். ஐந்தாம் படிவம் வரை பள்ளி, பிறகு ஈப்போவில் தொழிற்கல்வி, எழுபதுகளின் நடுவில் மெங்லெம்பு பக்கம் இந்தப் பட்டறை. சுண்ணாம்பு மலையின் நிழல் மத்தியானம் மூன்று மணிக்கே கூரையில் விழுந்துவிடும். ஈயச் சுரங்கம், கல் குவாரி, பலகை ஆலை, ரப்பர் ஆலை என்று எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். எண்ணெயை அழுத்தி எதையாவது தூக்க வேண்டும், தள்ள வேண்டும் என்றால் அது எங்கள் வேலை. எனக்கு வயது இருபத்திரண்டு. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தாயம் உருட்டும்போது நான் ஒரு கையில் சோற்றையும் மறு கையில் சிலிண்டர் விலைப்பட்டியலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதைப் பார்த்தாலும் இதை ஹைட்ராலிக்கில் செய்தால் என்ன என்று தோன்றும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், அம்மா மாவாட்டுவதைப் பார்த்தும் அப்படித்தான் தோன்றியது. அம்மா துடைப்பத்தை எடுத்தார்.

என் மேலதிகாரி லியோங். என்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் எங்களைப் போலவே தோட்டத் தமிழ் பேசுவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. கேள்வி மட்டும்தான் கேட்பார். வாடிக்கையாளர் உடைந்த சிலிண்டரைக் கொண்டுவந்து இதே மாதிரி ஒன்று வேண்டும் என்பார். லியோங் பிளேடால் பென்சிலைச் சீவியபடியே, "பழசு ஏன் ஒடஞ்சிச்சு?" என்பார். அதற்குப் பதில் வரும்வரை பென்சில் சீவப்பட்டுக்கொண்டே இருக்கும். அவர் மேசையில் நீளப் பென்சிலே கிடையாது.

அவரிடம் ஒரு அட்டை இருந்தது. வெளிர்பச்சை நிறம், உள்ளங்கை அகலம், ஆறு கேள்விகள். இந்த அட்டை நிரம்பாமல் பட்டறையிலிருந்து ஒரு சிலிண்டர்கூட வெளியே போகாது. ஆறும் நிரம்பிய பிறகு அவர் படித்துப் பார்த்து, மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் நாங்கள் இரும்பைத் தொடலாம். அவசரக்காரனான எனக்கு அது சித்திரவதை. வாடிக்கையாளர் நின்று கத்துகிறார், லாரி வாசலில் நிற்கிறது, இவரோ "எத்தன வினாடியில தூக்கணும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தக் கேள்விகளை நான் ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் கற்றேன். முதல் அடி ஒரு பலகை ஆலையில். நீண்ட மரத்தை ஆறடி தூரம் தள்ள ஒரு சிலிண்டர் கேட்டார்கள். தள்ளும் பலத்தைக் கணக்குப் போட்டேன், சரியாகவே வந்தது. மூன்றாம் நாள் சிலிண்டரின் தண்டு, நாங்கள் ராட் என்போம், வில்லாக வளைந்து திரும்பி வந்தது. லியோங் அதைத் தரையில் உருட்டிப் பார்த்தார். சாயங்காலம், குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி விற்கும் சத்தே கடைக்குக் கூட்டிப்போனார். சாப்பிட்டு முடித்த குச்சியை மேசையில் செங்குத்தாக நிறுத்தி என் விரலை அதன் தலையில் வைத்து அழுத்தச் சொன்னார். வளைந்து ஒடிந்தது. அதையே பாதியாக ஒடித்துக் கொடுத்து மறுபடி அழுத்தச் சொன்னார். குச்சி நின்றது, என் விரல்தான் வலித்தது. தூரம் கூடினால் ராட் தடிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். சத்தேக்கு என்னைத்தான் கொடுக்கச் சொன்னார்.

இரண்டாவது அடி ஒரு செம்பனை ஆலையில். அந்த வருடங்களில் பால்மரம் என்கிற ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எங்கே பார்த்தாலும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையை நட்டுக்கொண்டிருந்தார்கள், ஆலைகளும் முளைத்தன. பழம் கொட்டும் சரிவின் இரும்புக் கதவை ஒரு சிலிண்டர் மேலே இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் எண்ணெய் போகும் வகை, தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். நான் தள்ளும் பலத்தைக் கணக்கிட்டு அதையே இழுக்கும் பலம் என்று எழுதிவிட்டேன். கதவு காலியாக இருந்தபோது எழுந்தது. பழம் நிறைந்ததும் முக்கியது, முனகியது, எழவில்லை. மறுநாள் லியோங் என் மேசையில் ஒரு பத்து காசையும் அதே அகலமுள்ள ஒரு வாஷரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தள்ளும்போது எண்ணெய்க்கு முழுக் காசும் கிடைக்கிறது. இழுக்கும்போது நடுவில் ராட் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் வாஷர்தான் கிடைக்கிறது. நான் தடித்த ராட் வேறு போட்டிருந்தேன், போன தடவை குச்சி ஒடிந்த பயத்தில்.

இப்படி ஐந்து கேள்விகள் என் உடம்பில் ஏறிவிட்டன. ஆறாவது கேள்விதான் ஏறவில்லை. அது இதுதான்: திரும்பக் கொண்டுவருவது எது?

எங்களிடம் வந்த வேலையில் பாதிக்கு மேல் டிப்பர் லாரிகள். அவற்றுக்குப் போடுவதை ரேம் என்போம். உருளைக்குள் தடித்த தண்டு ஒன்று, அடியில் ஒரே ஒரு எண்ணெய்த் துவாரம். எண்ணெயை அழுத்தினால் தண்டு மேலே போகும், கல் கொட்டும். இறக்குவதற்கு அதற்குத் தெரியாது. வால்வைத் திறந்துவிட்டால் லாரியின் தொட்டி தன் பாரத்தாலேயே தண்டை அழுத்தி எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். ரப்பர் கட்டி அழுத்தும் இயந்திரமும் அப்படித்தான், மேடை தன் பாரத்தில் இறங்கும். உயரம் அதிகம் வேண்டுமென்றால் ரேடியோ ஏரியல் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் வகை உண்டு, அதுவும் பாரத்தால்தான் அடங்கும். ஆகவே ஆறாவது கேள்விக்கு நேரே நான் எப்போதும் 'பாரம்' என்று எழுதுவேன். அட்டையைக் கையில் எடுத்ததும் முதலில் அதைத்தான் எழுதுவேன், அது ஒன்றுதான் யோசிக்க வேண்டாதது. ஏழு வருடம் அப்படித்தான் எழுதினேன். யமுனாவின் கணினி மாதிரிதான் நானும்.

அப்போதுதான் லெட்சுமி அக்கா வந்தார். என் மூத்த அக்கா. எங்கள் தோட்டத்தில் பால்மரக் காடு பாதி அழிந்தபோது ஐம்பது அறுபது குடும்பங்கள் லயத்தை விட்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கட்டிய புதுக் குடியிருப்புக்கு, தாமான் என்போம், குடிபோனார்கள். வரிசை வீடுகள், தண்ணீர்க் குழாய், மின்சாரம். அக்கா குடும்பமும் போனது. தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் இந்தப் பக்கமே இருந்தது. திருவிழாத் தேர் லயங்களைச் சுற்றி வந்து நின்றுவிடும். தாமானுக்குப் போக ஒரே பாதை ரயில் பாலத்துக்கு அடியில். பாலத்தின் இரும்புக்கும் தார்ச்சாலைக்கும் இடையில் பதினொன்றரை அடி. தேரின் உயரம் பதினான்கு.

அந்த வருடத் திருவிழாவில் அக்கா அர்ச்சனைத் தட்டைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு அடியில் நடந்து வந்து லயத்து வரிசையில் நின்றிருக்கிறார். முன்னால் நின்ற யாரோ, "அந்தப் பக்கத்து ஆளுங்க கடைசியா நில்லுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வருடம் அதே மண்ணில் பால் வெட்டிய வீட்டுப் பெண். அழவில்லை. அழுகிற ஆள் இல்லை. நேரே பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பெரிய பெரிய லாரியெல்லாம் தூக்குறேன்னு சொல்ற. ஒரு கூரைய எறக்க முடியாதாடா?"

எனக்கு அது போதும். தாளை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டேன். தேரின் விமானத்தை, அதாவது கலசத்தோடு கூடிய மேல்கூரையை, நான்கு குழாய்க் கால்களில் வழுக்கி இறங்கும்படி செய்வது. அம்மன் பீடத்துக்குப் பின்னால் ஒரு ரேம், அதற்கு ஒரு கை பம்ப். பாலம் வந்ததும் கூரை மூன்றடி இறங்கும், தாண்டியதும் எழும். செனாங், அக்கா, ரொம்ப சுலபம் என்றேன்.

கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. முன்பு மண்டோராக, தோட்ட மேற்பார்வையாளராக, இருந்தவர், காட்டில் ஆளை வரிசையில் நிறுத்திப் பழகிய குரல். குடிபோனவர்களுக்காகத் தேர் எதற்கு அலைய வேண்டும் என்பது அவர் கட்சி. கூட்டம் போட்டு, இரண்டு தடவை பேசி, கடைசியில் ஒரு முடிவு சொன்னார்.

"ஒரு தடவ போயிப் பாக்கட்டும். தாண்டுனா வருசா வருசம் போவும். தாண்டலன்னா இந்தப் பேச்ச இனிமே எவனும் எடுக்கக் கூடாது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் எவ்வளவு திமிர் இருந்தது என்று இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு நான் பச்சை அட்டை எழுதவில்லை. கோயில் வேலைதானே, வாடிக்கையாளர் இல்லையே. என் சிநேகிதன் குணா லாரி ஓட்டுகிறவன். அவனுடைய பழைய டிப்பர் ஒன்று மழையில் துருப்பிடித்துக் கிடந்தது, அதிலிருந்து மூன்று அங்குல ரேமைக் கழற்றிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதைத் துலக்கி, தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடித்துக்கொள்ளும் பேக்கிங்கைப் புதிதாகப் போட்டேன். அம்மன் பட்டுப் புடவையில் ஒரு சொட்டு எண்ணெய் படக்கூடாது என்று இறுக்கி, இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோயில் வாசலில் சோதனை. மின்விளக்கு மாட்டுகிறவர்கள் இரண்டு பேர் கூரைமேல் உட்கார்ந்து பல்பு கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் நல்ல தடித்த ஆள். இறங்கச் சொல்லவா என்று குணா கேட்டான். இருக்கட்டும், அவர்களும் ஒரு சவாரி போகட்டும் என்றேன். பம்ப் அடித்ததும் கூரை அவர்களையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. வால்வைத் திறந்ததும் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். மூன்று தடவை ஏற்றி இறக்கிக் காட்டினேன், மூன்று தடவையும் அவர்கள் மேலேயேதான் இருந்தார்கள்.

திருவிழா அன்று மத்தியானம் மூன்று மணிக்குத் தேர் புறப்பட்டது. உறுமி மேளம், மஞ்சள் தண்ணீர், லயம் முழுக்க மாவிலைத் தோரணம். பாலத்தை அடையும்போது நாலரை. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் தாமான் ஆட்கள் சாலையின் இரு ஓரமும் தட்டோடு நின்றார்கள், முதல் வரிசையில் அக்கா. பாலத்துக்குப் பத்தடி முன்னால் தேர் நின்றது. நான் பீடத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குணாவுக்குக் கை காட்டினேன்.

கூரை ஒரு சாண் இறங்கியது. நின்றது.

"வால்வ முழுசா தொறந்துட்டேன் மச்சான்" என்றான் குணா, குரலைத் தாழ்த்தி. "எறங்கல."

நான் ஏறிப் பார்த்தேன். வால்வு திறந்துதான் இருந்தது. குழாயில் அடைப்பு இல்லை. ரேமின் தண்டில் கையை வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் இறுக்கிய புதுப் பேக்கிங் தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. லாரித் தொட்டி என்றால் அந்தக் கவ்வலை ஒரு பொருட்டாகவே எடுக்காது. இது அலுமினியத் தகடும் ஒட்டுப்பலகையும் காகிதப் பூவும், நாலு பேர் தூக்கி வைத்த கூரை. சோதனையன்று அதை இறக்கியது மேலே உட்கார்ந்திருந்த அந்த இரண்டு விளக்குக்காரர்களின் பாரம்.

திரும்பக் கொண்டுவருவது எது? அந்தப் பச்சை அட்டை என் கண்முன் நின்றது.

ஸ்பானரை எடுத்து பேக்கிங்கின் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தினேன். எண்ணெய் நூலாகக் கசிந்தது, என் சட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றினேன். கூரை இன்னும் நாலு விரல் இறங்கி மறுபடி நின்றது. அதற்கு மேல் தளர்த்தினால் எண்ணெய் புடவையில்தான் பாயும். இரண்டு ஆட்களை மேலே ஏற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். பூசாரி கையை விரித்துத் தேரின் முன்னால் நின்றுவிட்டார்.

"அம்மன் ஒக்காந்துட்டா. அவ தலைக்கு மேல ஒரு காலு ஏறக் கூடாது."

சோதனை நாளில் பீடம் காலியாக இருந்தது. அதனால்தான் அவர்கள் ஏறினார்கள். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரிந்த இரண்டு விஷயங்களை நான் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, தேரைத் திருப்பிவிடலாம் என்று பின்னால் ஒரு குரல் வந்தது. வைத்த சக்கரம் பின்னால் வரக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மேலே ஒரு ரயில் தடதடவென்று கடந்து போனது. ஜன்னல்களில் இருந்த முகங்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டு போயின. முனியாண்டி அண்ணன் என்னைத் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அக்கா பாலத்துக்கு அடியில் நடந்து வந்தார்.

"என்னடா, ஆத்தா அங்கயே நிப்பாளா?"

"வெயிட்டு பத்தலக்கா. நூறு கிலோவாச்சும் வேணும். மேல ஏறவும் முடியாது."

சொல்லிக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தேன். நான்கு மூலையிலும் மாலை தொங்கவிட இரும்புக் கொக்கிகள். கூரைமேல் ஏற்றினால்தான் பாரமா? கூரையிலிருந்து கீழே தொங்கினாலும் அதே பாரம்தானே. ரேமுக்கு வித்தியாசம் தெரியப்போகிறதா? கொக்கியில் கயிறு போட்டு, அம்மன் தலைக்குக் கீழே, தேருக்கு வெளிப்பக்கமாக எதையாவது தொங்கவிட்டால் போதும். எதை? குணா சாலையோரக் கல்லைக் காட்டினான். பூசாரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் கை தானாகக் கீழே இறங்கியது.

"தேங்கா போலேயா, ஆவுமா?" என்றார் அக்கா.

தாமானுக்குள் தேர் முதன்முதலாக வருகிறது என்று வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று சேர்த்து உரித்த தேங்காய் சாக்குச் சாக்காகக் கட்டி வைத்திருந்தார்கள், சிதறுகாய்க்கு. எத்தனை சாக்கு என்றேன். நாலு என்றார். ஒரு சாக்கில் எத்தனை என்றேன். "ஏண்டா, எண்ணிக்கிட்டா கெடப்பாங்க, தூக்கிப் பாரேன்" என்றார். பூசாரியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தேங்காய் அம்மனுக்கு உரியதுதானே என்றார்.

தாமான் ஆட்கள் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு அடியில் வந்தார்கள். ஆண்கள் இரண்டு சாக்கு, பெண்கள் இரண்டு சாக்கு. ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட்டால் கூரை சாய்ந்து குழாயைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே எதிரெதிர் மூலைகளில் ஒரே நேரத்தில் கட்டச் சொன்னேன். முதல் இரண்டு கட்டியதும் தண்டு ஒரு தடவை நடுங்கியது. மூன்றாவதோடு நான்காவதையும் கட்டும்போது கொக்கியை எட்ட அக்காவுக்கு உயரம் போதவில்லை. முனியாண்டி அண்ணன்தான் அங்கே இருந்தவர்களில் உயரமானவர். முன்னால் வந்து அக்கா கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கொக்கியில் மாட்டினார்.

கூரை இறங்கியது. வெண்ணெயில் கத்தி மாதிரி இல்லை, கிழவி படி இறங்குவது மாதிரி, நின்று நின்று இறங்கியது. ஆனால் மூன்றடியும் இறங்கியது. கலசத்துக்கும் பாலத்து இரும்புக்கும் நடுவில் அரையடி இடைவெளி விட்டுத் தேர் அந்தப் பக்கம் போனது. சாக்குகளை அவிழ்த்துவிட்டு குணா பம்ப் அடித்தான். கூரை எழுந்ததும் தாமானில் எழுந்த குலவைச் சத்தத்தில் உறுமி மேளமே காதில் விழவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது, ஒருவரும் நகரவில்லை.

பெண்கள் அந்தச் சாக்குகளைப் பிரித்துச் சிதறுகாய் போடப் போனபோது முனியாண்டி அண்ணன் தடுத்தார். "அந்த நாலு சாக்க ஒடைக்காதீங்க. திரும்பிப் போவணும்ல?" திரும்பும்போதும் அவர்களே வந்து கட்டினார்கள். கோயில் வாசல் சேர்ந்த பிறகுதான் அந்தத் தேங்காய் உடைந்தது. உடைத்தது தாமான் ஆட்கள், பொறுக்கியது லயத்து ஆட்கள்.

திங்கட்கிழமை லியோங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரு பச்சை அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். ஐந்து கேள்விகளுக்கு எழுதினேன். ஆறாவதில் என் கை நின்றது. ஏழு வருடத்தில் முதல் தடவையாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்துபோய்விட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த திட்டு அதுதான்.

அடுத்த திருவிழாவுக்குள் அந்தத் தேருக்குச் சரியான சிலிண்டர் ஒன்றைச் செய்தோம். இரண்டு பக்கமும் எண்ணெய் போகும் வகை. ஏற்றுவதும் எண்ணெய், இறக்குவதும் எண்ணெய், பாரத்தை நம்ப வேண்டியதில்லை; அதற்கென்று தனி அட்டை எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். இரண்டு அங்குல உருளை, தூரத்துக்கேற்ற ராட், கை பம்பில் திசை மாற்றும் ஒரு வால்வு. லியோங்கே ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து உருளையின் உள்பக்கத்தை மெருகேற்றினார். குங்கும நிறத்தில் வர்ணம் அடித்தேன். நான் செய்த சிலிண்டர்களில் அதைவிட அழகாக இன்னொன்றைச் செய்ததில்லை. குணாவின் லாரியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் வழியில், காட்டிவிட்டுப் போகலாமே என்று தாமானில் அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். இது என்ன செய்யும் என்று கேட்டார். இனிமேல் தேங்காயே வேண்டாம் அக்கா, வால்வைத் திருப்பினால் தானாக இறங்கிவிடும் என்று விளக்கினேன். ஏற்றும் எண்ணெய், இறக்கும் எண்ணெய் எல்லாம் சொன்னேன். என் பேச்சு முடியும்வரை காத்திருந்தார்.

"அப்பறம் பாலத்துக்கிட்ட எங்கள எதுக்குடா கூப்புடுவாங்க?"

வாசலுக்குப் பக்கத்தில் அந்த வருடத்துத் தேங்காய் ஏற்கெனவே சாக்கில் இருந்தது. மேலே ஒரு அட்டையில் எந்த வீடு எத்தனை என்று அக்காவின் பெரிய மகள் எழுதிக் கட்டியிருந்தாள். லயத்திலிருந்து முனியாண்டி அண்ணன் ஆள் அனுப்பி, சாக்கு தயாரா என்று கேட்டிருந்தாராம். அதை அக்கா சொன்ன விதத்தில் ஒரு அலட்சியம் இருந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேசுகிற அலட்சியம்.

சிலிண்டரை இறக்காமலேயே லாரியைத் திருப்பச் சொன்னேன். குணா என்னைப் பைத்தியம் என்றான். பழைய ரேமின் பேக்கிங்கை மட்டும் மாற்றி, அளவாக இறுக்கி, நாலு சாக்குக்குச் சரியாக இறங்கும்படி வைத்தேன். குங்கும நிறச் சிலிண்டர் பிறகு சித்தியவான் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கதவு தூக்கப் போனது. நன்றாகவே உழைத்தது என்று கேள்வி.

பட்டறையில் லியோங், பழைய ரேமுக்கு நான் பாதியில் விட்ட அந்த அட்டையை எடுத்தார். வேலை முடிந்தால் அட்டை மூட வேண்டும், அது அவர் விதி. அக்கா சொன்னதைச் சொன்னேன். சிரிப்பாரோ என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஆறாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

'தேங்காய்' என்று எழுதினேன்.

"எத்தன கிலோ?"

"நாலு சாக்கு. நூத்தி இருவது."

அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் அட்டையைத் திருப்பிப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

"ஒரு வருசம் தேங்கா வரலன்னா? யாரு பொறுப்பு?"

நான் எழுதினேன்: லெட்சுமி, அந்தப் பக்கத்து ஆளுங்க.

லியோங் படித்துப் பார்த்தார். மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.